குபூஸ் - பெரம்பலூர், அரியலூர் அடுப்புக்கு ரொட்டி வந்த கதை

சவுதி, குவைத், துபாய் என்று எங்காவது வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரிடம் "குபூஸ்" என்று சொல்லிப் பாருங்கள். ஒன்று சிரிப்பார், இல்லை முகத்தைச் சுளிப்பார். சும்மா கேட்டுக்கொண்டு போக மாட்டார். வட்டமாக, வெளிறிய நிறத்தில், இரண்டு தோல் ஒட்டிய மாதிரி இருக்கும் அந்த ரொட்டிதான் வளைகுடாவில் லட்சக்கணக்கான தமிழர்களுக்கு வருடக்கணக்கில் காலையும் இரவும் சோறு போட்டது (சோறு என்று சொல்வது தப்புதான், ஆனால் வேறு எப்படிச் சொல்வது?). இதே ரொட்டியைத்தான் மேல்நாட்டுக்காரர்கள் பிட்டா என்கிறார்கள். நம்மூர் பிட்டுக்கும் பிட்டாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மதுரையில் மண் சுமந்த கதையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிக்காடு என்று ஒரு பேரூர் இருக்கிறது. அந்தப் பக்கம் வி.களத்தூரும் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது "சபர்" போனவர்கள் உள்ள ஊர்கள் இவை. சபர் என்றால் பயணம். வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவரைச் சபராளி என்பார்கள். இந்த ஊர்களில் இருந்தும் சுற்றியுள்ள கிராமங்களில் இருந்தும் எல்லாச் சாதி, எல்லா மத இளைஞர்களும் வளைகுடாவுக்குப் போனார்கள், இன்னும் போகிறார்கள். போனவர்களோடு தங்கமும் செண்ட் பாட்டிலும் கம்பளியும் மட்டும் ஊருக்கு வரவில்லை. ரொட்டி சுடும் பழக்கமும் கொஞ்சம் வந்தது. இன்றைக்குச் சில வீடுகளில் மைதாவும் ஈஸ்ட்டும் பிசைந்து தோசைக்கல்லிலேயே குபூஸ் சுடுகிறார்கள்.

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அரபு நாட்டோடு தமிழ்நாட்டுக்குத் தொடர்பு நேற்று வந்ததா? ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் குதிரையும் மிளகும் துணியும் போய் வந்துகொண்டிருந்தன. அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம் 11ஆம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகர். அங்கே மாளிகைமேட்டில் தோண்டியபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள்கூடக் கிடைத்திருக்கின்றன. சீனத்துப் பாத்திரம் வந்த ஊருக்கு அரபு நாட்டு ரொட்டி ஏன் வரவில்லை? வந்திருந்தாலும் ஏன் தங்கவில்லை?

இதற்குப் பதில் தெரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் 14,400 வருடம்.

ஜோர்டானின் வடகிழக்கே ஷுபைக்கா என்ற இடத்தில் ஒரு பழைய அடுப்பைத் தோண்டினார்கள். கருகிப்போன சின்னச் சின்னத் துணுக்குகள் கிடைத்தன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அது ரொட்டி! காட்டுக் கோதுமை, காட்டு பார்லி, ஒரு வகைக் கோரைக்கிழங்கு எல்லாம் இடித்துப் பிசைந்து சுட்ட தட்டை ரொட்டி. 2018ல் இந்த ஆய்வு வெளியானபோது எல்லோரும் ஆச்சரியப்பட்டதற்குக் காரணம், அந்த ரொட்டி விவசாயம் தொடங்குவதற்குச் சுமார் 4,000 வருடம் முந்தையது என்பதுதான். அதாவது மனிதன் விதைக்கக் கற்பதற்கு முன்பே சுடக் கற்றுவிட்டான். அந்தப் பகுதியில் மண்பானை வந்ததே பல ஆயிரம் வருடங்களுக்குப் பிறகுதான்.

கிழக்கே நிலைமை தலைகீழ். சீனாவில் 20,000 வருடத்துக்கு முன்பே மண்பானை இருந்தது. தானியம் விளைவிக்க ஆரம்பித்தபோது, பானைதான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே, அதில் போட்டு வேகவைத்தார்கள். டோரியன் புல்லர் என்ற தொல்தாவரவியல் அறிஞர் இதை வைத்து ஒரு சுவாரசியமான கருத்தைச் சொன்னார். மேற்கு ஆசியா அரைத்துச் சுடும் உலகம், கிழக்கு ஆசியா அவித்து வேகவைக்கும் உலகம், இந்தியா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பது அதன் சாரம்.

நடுவில் என்றாலும் தமிழ்நாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. சமையலறைக்குள் போனால் போதும். சோறு, கஞ்சி, கூழ், களி, இட்லி, புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை... எல்லாம் பானையும் ஆவியும். தோசை, அடை, ஆப்பம் என்று கல்லில் வார்ப்பவை உண்டு. ஆனால் நாலு பக்கமும் சூடு சூழ்ந்து வேகும் அடுப்பு, அரபு நாட்டில் தன்னூர் என்றும் வடக்கே தந்தூர் என்றும் சொல்கிறார்களே, அது நம் வீடுகளில் இருந்ததில்லை. பலகாரம் செய்யும் கடையில்கூட எண்ணெய்ச் சட்டிதான்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பெரும்பாலும் மானாவாரி பூமி. காவிரி டெல்டா தெற்கே பக்கத்திலேயே இருந்தும், கொள்ளிடக் கரையை விட்டுக் கொஞ்சம் வடக்கே ஏறினால் கரிசலும் செம்மண்ணும்தான். மழையை நம்பிய சோளம், கம்பு, கேழ்வரகு, வரகு, சாமை. நெல்லுச்சோறு என்பது தீபாவளி, பொங்கல், கல்யாணம், விருந்தாளி வந்தால் என்று கணக்காக இருந்த காலத்தை இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் சோளச்சோறு, கம்மங்கூழ், களி, வரகரிசிச் சோறு.

இந்தத் தானியங்கள் எதிலும் குளூட்டன் என்ற பசைப்புரதம் கிடையாது. கோதுமை மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் இழுத்த இழுப்புக்கு ரப்பர் மாதிரி வருகிறதே, அதற்குக் காரணம் இந்தப் புரதம்தான். ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதுதான். சோள மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து தேய்த்தால் விரிசல் விட்டுப் போகும். வடகர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் வெந்நீரில் பிசைந்து, கையாலேயே தட்டி, சோள ரொட்டியைப் பந்து மாதிரி உப்ப வைக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கைப்பழக்கம். நம் பக்கம் அந்தக் கைப்பழக்கம் வளரவில்லை. பானை இருக்கும்போது எதற்கு அவ்வளவு கஷ்டம் என்று விட்டிருக்கலாம்.

ஆக, கப்பலில் பீங்கான் வரும். குதிரை வரும். சமையல் அப்படி வராது. அதற்குத் தானியம் வர வேண்டும், அடுப்பு வர வேண்டும், சுடத் தெரிந்த கை வர வேண்டும். மூன்றும் ஒன்றாகச் சேரவே இல்லை.

கோதுமை தமிழ்நாட்டுக்கே தெரியாத பொருள் என்றும் சொல்ல முடியாது. நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிரில் கோதுமை விளைந்திருக்கிறது. சம்பா கோதுமை என்று நாம் சொல்லும் வகை எம்மர் என்ற பழங்கால இனத்தைச் சேர்ந்தது. மேற்கு ஆசியாவில் மனிதன் முதன்முதலில் பயிராக்கிய கோதுமைகளில் எம்மரும் ஒன்று. நீலகிரி வெலிங்டனில் கோதுமைக்கு மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் சம்பா கோதுமை சமவெளிக்கு வந்ததும் என்ன ஆனது? ரவையாகி, கஞ்சியும் உப்புமாவும் ஆனது. மறுபடியும் பானை!

வெள்ளைக்காரர்கள் வந்தபோது ரொட்டியும் வந்தது. பெரம்பலூர் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டையையும் வாலிகண்டபுரத்தையும் ஒட்டி 1751ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பக்கமும் ஆங்கிலேயர்கள் ஒரு பக்கமுமாக நின்று சண்டை போட்டார்கள். அந்தப் படைகள் வந்தன, போயின. ஊர் கூழையே குடித்தது. சென்னை போன்ற நகரங்களில் பேக்கரிகள் வந்தன. ஈஸ்ட் கிடைக்காததால் ரொட்டி மாவைப் பொங்க வைக்கப் பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் ஊற்றினார்கள். சென்னையில் இருந்த கர்னல் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் 1878ல் எழுதிய சமையல் புத்தகத்தில், பேக்கிங் பவுடர் போட்டு வீட்டிலேயே ரொட்டி சுடச்சொல்லி வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு யோசனை சொல்கிறார். கள்ளு போட்ட ரொட்டி துரைக்குப் பிடிக்கவில்லை. இலங்கைத் தமிழர்கள் இன்றும் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அது போர்த்துக்கீசியச் சொல். நம் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல் வந்தவனுக்குப் பாலில் தொட்டுக் கொடுப்பது. அந்த நினைப்பு ரொம்ப நாள் போகவில்லை.

உண்மையில் கோதுமை இந்த மாவட்டங்களின் வீடுகளுக்குள் நுழைந்தது பஞ்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான். இங்கே 1956 என்ற வருடத்தைக் கவனியுங்கள்.

அந்த வருடம் ஆகஸ்டில் இந்தியா அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பி.எல்.480 என்பது அமெரிக்கா 1954ல் கொண்டுவந்த சட்டம். தங்களிடம் மிஞ்சிய கோதுமையை மற்ற நாடுகளுக்கு அந்தந்த நாட்டுப் பணத்திலேயே விற்க வழி செய்தது. டாலர் இல்லாத இந்தியாவுக்கு அது பெரிய வசதி. அதே வருடம் நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு விலகினார் லால் பகதூர் சாஸ்திரி. அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுக்கத் தெரிய வைத்தது அந்த விபத்துதான் (அரியலூர் தனி மாவட்டமாக மறுபடி உதயமானதும் ஒரு நவம்பர் 23ல்தான், 2007ல்).

அந்தச் சாஸ்திரி 1964ல் பிரதமரானார். அடுத்த வருடமே மழை பொய்த்தது, போரும் வந்தது. திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். தன் வீட்டில் முதலில் செய்து பார்த்துவிட்டுக் கேட்டார் என்பார்கள். ஓட்டல்கள் திங்கள் மாலை அடைத்தன. 1966ல் இந்தியா இறக்குமதி செய்த தானியம் ஒரு கோடி டன்னைத் தாண்டியது. அமெரிக்க அதிபர் ஜான்சன் கப்பல்களை மாதக்கணக்கு பார்த்து அளந்து அளந்து அனுப்பினார். கப்பலில் இறங்குவது நேரே வாய்க்குப் போகிறது என்ற நிலைமை.

அந்த வருடங்களில் ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை என்றார்கள். அரிசிதான் சாப்பாடு என்று நினைத்த நாட்டில் இது எவ்வளவு பெரிய கோபத்தைக் கிளப்பியது என்பதற்கு 1967 தேர்தலே சாட்சி. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று தி.மு.க. சொன்னது. ஆட்சியும் மாறியது. இந்தியெதிர்ப்பு ஒரு பக்கம் என்றால் அரிசி இன்னொரு பக்கம்.

இதற்கிடையே பள்ளிக்கூடத்தில் வேறொரு வழியாகக் கோதுமை வந்துகொண்டிருந்தது. காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு 1961 முதல் கேர் என்ற அமெரிக்க உதவி அமைப்பு பொருள் கொடுத்தது. பால் பவுடர், எண்ணெய், பல்கர் கோதுமை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்தவர்களைக் கேளுங்கள், கோதுமை உப்புமா வாசனையை இன்னும் மறக்கவில்லை என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல்கர் என்பது அமெரிக்கப் பண்டமே கிடையாது. கோதுமையை அவித்து, காயவைத்து, உடைத்து வைப்பது துருக்கி, சிரியா பக்கத்துப் பழைய வழக்கம், பெயரும் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே குபூஸின் ஊர்க்காரச் சாப்பாடு ஒன்று, அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு, சபராளிகள் விமானம் ஏறுவதற்கு முன்பே நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்துவிட்டது. வந்து உப்புமா ஆனது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்தபோது தட்டில் அரிசிச் சோறு வந்தது. அதன் பிறகு ரேஷன் அரிசி விலை இறங்கிக்கொண்டே போனது. 2006ல் கிலோ இரண்டு ரூபாய், 2008ல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். மானாவாரிக் கிராமத்தில் முதன்முறையாக எல்லா நாளும் எல்லா வீட்டிலும் நெல்லுச்சோறு. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கம்பும் வரகும் ஆரோக்கியம் என்று இப்போது பேசுகிறவர்கள் பலர் உரலில் கம்பு குத்தியதில்லை. வரகுக்கு உமி அடுக்கடுக்காக இருக்கும், திருகையில் அரைத்து, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணுக்குப் பாதி நாள் போய்விடும். அந்த வேலையிலிருந்து அவர்கள் தப்பித்தது நல்லதுதான்.

ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சோளம், கம்பு, வரகு விளைந்த நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் ஏறின. மக்காச்சோளத்தில் பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டின் முன்வரிசையில் நிற்கிறது. அது பெரும்பாலும் போவது நாமக்கல் பக்கத்துக் கோழிக்குத் தீவனமாக. விளைவதைக் கோழி தின்கிறது, விளையாத கோதுமையை மனிதன் வாங்குகிறான். இதில் சர்க்கரை வியாதி வேறு வந்து சேர்ந்தது. ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்ல, பஞ்ச காலத்தில் திட்டித் தீர்த்த கோதுமை மருந்தாக மறுபடி வீட்டுக்குள் வந்தது.

சரி, இப்போது குபூஸுக்கு வருவோம்.

1973ல் எண்ணெய் விலை ஒரே வருடத்தில் சில மடங்கு ஏறியது. வளைகுடா நாடுகளில் ரோடு, துறைமுகம், கட்டடம் என்று வேலை குவிந்தது. ஆள் வேண்டும். கேரளாவில் இருந்து போனார்கள், தமிழ்நாட்டில் இருந்தும் போனார்கள். ஆரம்பத்தில் திருச்சியில் இருந்து நேரே பறக்கும் வசதி எல்லாம் இல்லை. பம்பாய்க்கு ரயில் ஏறி, ஏஜெண்ட் வாசலில் காத்துக் கிடந்து, விசா வந்தால் விமானம், வராவிட்டால் பாயும் பெட்டியுமாகத் திரும்ப ஊருக்கு. நிலத்தை அடகு வைத்துப் போனவர்கள் உண்டு, நகையை விற்றுப் போனவர்கள் உண்டு.

போய் இறங்கிய முதல் நாள் ராத்திரி கையில் கொடுக்கப்பட்டது குபூஸ். குப்ஸ் என்றால் அரபியில் ரொட்டி, அவ்வளவுதான் பொருள். எகிப்தில் இதையே ஐஷ் என்கிறார்கள். ஐஷ் என்றால் வாழ்வு. ரொட்டிக்கும் வாழ்வுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் ஊரில், 1977 ஜனவரியில் அதிபர் சதாத் உணவு மானியத்தை வெட்டப் பார்த்தார். இரண்டே நாள் கலவரம், பலர் செத்தார்கள், மானியம் திரும்ப வந்தது. அரபு அரசுகள் ரொட்டி விலையில் கைவைக்க அஞ்சுவது இதனால்தான். குவைத்தில் ஒரு கட்டு குபூஸ் 50 பில்ஸ் என்ற விலை பல வருடம் மாறவே இல்லை. சவுதியில் ஒரு ரியாலுக்கு ஒரு பை என்பதும் அப்படித்தான் இருந்தது. மன்னர்கள் தங்கள் குடிமக்களுக்காகக் கட்டுப்படுத்திய விலை, அந்தக் குடிமக்களுக்கு வீடு கட்டப் போன கூலிக்காரனுக்கும் உதவியது.

ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். மூன்றடுக்குக் கட்டில். விடியுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டும். சமைக்க நேரமில்லை. இரண்டு குபூஸ், ஒரு டப்பா தயிர். இல்லாவிட்டால் டீ. சம்பளம் வந்த வாரம் கோழி, வராத வாரம் பருப்பு. மிச்சம் பிடித்த ஒவ்வொரு ரியாலும் ஊரில் ஒரு தங்கையின் கல்யாணம், ஒரு கூரை வீட்டின் மேல் தளம். லெப்பைக்குடிக்காட்டுத் தெருக்களில் நிற்கும் மாடி வீடுகளின் கணக்கில் சிமெண்டும் கம்பியும் மட்டும் சேராது, சாப்பிடாமல் விட்ட பிரியாணிகளும் சேரும்.

குபூஸ் சூடாக இருக்கும்போது பஞ்சு. மறுநாள் தோல் செருப்பு. (தண்ணீர் தெளித்து அடுப்பில் காட்டினால் கொஞ்சம் பிழைக்கும். இந்த வித்தையை ஒவ்வொரு புதுசுக்கும் அறையில் மூத்தவர் சொல்லித் தருவார்.) ஊர் திரும்பிய பிறகு சிலர் குபூஸைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்பதற்கு ருசி காரணமில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நினைவுதான்.

1990 ஆகஸ்டில் இராக் குவைத்தைப் பிடித்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் மாட்டிக்கொண்டார்கள். பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானுக்குப் போய், தலைநகர் அம்மானில் இருந்து ஏர் இந்தியா விமானங்களில் கூட்டம் கூட்டமாக ஊர் வந்தார்கள். 488 முறை விமானம் பறந்தது. உலகத்திலேயே மிகப் பழைய ரொட்டி கிடைத்த நாடு ஜோர்டான் என்று மேலே பார்த்தோம் அல்லவா? கையில் இருந்த சம்பாத்தியம் எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த மண்ணில் கூடாரத்தில் காத்திருந்தார்கள். 14,400 வருடம் பற்றி அவர்களுக்கு என்ன கவலை.

வளைகுடா ரொட்டிக்கும் ஒரு ரகசியம் உண்டு. அங்கேயும் கோதுமை சுலபமாக விளைவதில்லை. சவுதி அரேபியா எண்பதுகளில் பாலைவனத்தின் அடியில் பல ஆயிரம் வருடமாகத் தேங்கியிருந்த நிலத்தடி நீரை இறைத்துக் கோதுமை பயிரிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியே செய்தது! பிறகு தண்ணீர் வற்றியது. 2008ல், படிப்படியாகக் குறைத்து 2016க்குள் உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை நிறுத்துவது என்று முடிவெடுத்தார்கள். மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் ஆழ்துளைக் கிணற்றை வருடத்துக்கு வருடம் ஆழமாக்கிக்கொண்டு போகும் நம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தக் கதையை யாராவது விளக்கிச் சொல்லலாம்.

இனி, வீட்டில் சுடுவது எப்படி என்று பார்ப்போம். ரொட்டிக்குத் தேவையான மூன்றில் கோதுமை ரேஷனிலும் கடையிலும் வந்துவிட்டது. சுடத் தெரிந்த கை சபரில் இருந்து வந்தது. மீதி இருந்தது அடுப்பு. தன்னூர் இல்லாத குறையை அடுக்களையில் இருந்த தோசைக்கல்லும் காஸ் அடுப்பும் சேர்ந்து தீர்த்தன. விறகடுப்பில் தீயை ஒரே சீராக வைப்பது பெரும்பாடு. காஸில் திருகினால் போதும்.

மூன்று கப் மைதா, அல்லது பாதி மைதா பாதி கோதுமை மாவு. ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, தேவையான உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு கப்புக்குச் சற்றுக் கூடுதலாக வெதுவெதுப்பான தண்ணீர். விரலை விட்டால் சுடக்கூடாது, சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைந்து மூடி வைத்தால், சித்திரை வெயிலில் முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகும், மார்கழியில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். எட்டு உருண்டை பிடித்து, சப்பாத்தியை விடத் தடிமனாக, கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தேய்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் துணி போட்டு விட்டுவிட வேண்டும். கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். போட்ட அரை நிமிடத்தில் திருப்பி, அந்தப் பக்கம் ஒன்றிரண்டு நிமிடம் வேகவிட்டு, மறுபடி திருப்பித் துணியால் ஓரத்தை லேசாக அழுத்தினால் உப்பும். அவன் உள்ளவர்கள் முழுச் சூட்டில், அதாவது 230 முதல் 250 டிகிரியில், தட்டையும் சேர்த்துக் காயவைத்து, நாலைந்து நிமிடம் வைத்தால் போதும். எடுத்ததும் துணிக்குள் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அப்பளம்.

உள்ளே பை மாதிரி பிரிவது எப்படி? பலரும் ஈஸ்ட்டால் என்று நினைக்கிறார்கள். ஈஸ்ட் மாவை மிருதுவாக்குகிறது, ருசி தருகிறது. பையை உண்டாக்குவது ஆவி. கடும் சூட்டில் மேல் தோலும் கீழ்த் தோலும் சட்டென்று இறுகிவிடுகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வெளியே போக வழியில்லை, அதனால் இரண்டு தோலையும் பிய்த்துத் தள்ளுகிறது. சூடு குறைந்தால் ஆவி மெதுவாகக் கசிந்து போய், ரொட்டி பிஸ்கட் ஆகும். தேய்க்கும்போது மடிப்போ ஓட்டையோ விழுந்தாலும் உப்பாது. ஈஸ்ட்டே இல்லாத சப்பாத்தி நெருப்பில் காட்டினால் பந்தாகிறதே, அதுவும் இதே கணக்குத்தான். யோசித்துப் பார்த்தால் இட்லி வேகவைக்கும் அதே ஆவி. இட்லிக்கு வெளியில் இருந்து, குபூஸுக்கு உள்ளே இருந்து.

2022ல் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியது. மே 13ஆம் தேதி இந்தியா கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதமே ஐக்கிய அரபு அமீரகம், தான் வாங்கிய இந்தியக் கோதுமையை வேறு நாட்டுக்கு விற்க நான்கு மாதம் தடை போட்டது. ஒரு காலத்தில் அமெரிக்கக் கப்பலை எதிர்பார்த்து நின்ற நாட்டின் கோதுமைக்கு அமீரகம் காவல் போடும் அளவுக்குக் காலம் மாறியிருக்கிறது. மறு வருடம், 2023, ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டு. இந்தியாதான் முன்மொழிந்தது. பெரம்பலூர்க் கடைகளில் வரகரிசி அழகான பாக்கெட்டில், சாதாரண அரிசியை விட அதிக விலையில் விற்கிறது. குத்துவதற்கு இப்போது மெஷின் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கலசத்தில் நிரப்ப வரகு தேடி அலைந்த காலம் போய், இனி வீட்டுச் சட்டிக்கும் கொஞ்சம் வரலாம், விலை இறங்கினால்.

சோள மாவைக் கலந்து குபூஸ் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: செய்யலாம். நாலில் ஒரு பங்கு சோள மாவு, மூன்று பங்கு கோதுமை மாவு என்ற அளவில் கலந்தால் பசைப்புரதம் போதுமான அளவு இருக்கும், உப்பவும் செய்யும். அதற்கு மேல் சோளத்தைக் கூட்டினால் பை பிரியாது, அடை மாதிரி வரும். அதையும் வெங்காயச் சட்னியோடு சாப்பிடலாம். செட்டிக்குளத்துச் சின்ன வெங்காயம் பக்கத்திலேயே இருக்கிறது.

மிஞ்சிய குபூஸை என்ன செய்வது? அரபு நாட்டில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துக் கறிக்குழம்பில் ஊறவைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம். லெபனானில் வறுத்துக் காய்கறியோடு கலப்பார்கள். இங்கே முட்டையும் சால்னாவும் ஊற்றிக் கொத்து போட்டுவிடுகிறார்கள்.